வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: காமாலைக் கணக்கும் இரத்தக் கணக்கும்

சென்ற இதழில் இப்பகுதியை முடிக்கும்போது, குடிநீர் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ‘ஹெபடைடிஸ் ஏ’ வைரஸ் ஓர் ஊரில் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பதைக் காமாலை நோயாளிகளை எண்ணி அறிய முடியாது, மக்களின் இரத்தத்தைச் சோதித்தே அறிய முடியும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு விளக்கம் கேட்டும், அதை மறுத்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் என்னைப் பெரிதும் மகிழ்வித்தன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு என் வகுப்பில் மூன்று மாணவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்து, ஒரு மாதத்துக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. நான் படித்த காலத்தில் இது இவ்வளவு இருந்ததாக நினைவில்லை. அன்று குளத்தில் குளித்தோம், கிணற்று நீரை அப்படியே குடித்தோம். இன்று பிள்ளைகள் புட்டியில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். சுத்தம் கூடியிருக்க, நோய் மட்டும் எப்படிக் கூடுகிறது? (வாசகி, தக்கலை)

பதில்: தங்கள் கேள்விக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று தொற்று, மற்றது காமாலை. வைரஸ் உடலுக்குள் புகுந்து, கல்லீரலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, இரத்தத்தில் எதிர்ப்பொருளை (வைரஸை எதிர்க்க உடல் ஆக்கும் புரதத்தை) உண்டாக்கிவிட்டுப் போவது தொற்று. அந்தத் தொற்றினால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது காமாலை. தொற்றிய எல்லோருக்கும் காமாலை வருவதில்லை. வருவதும் வராததும் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் தொற்றியவர்களுள் பத்தில் ஒருவருக்குக்கூடக் கண் மஞ்சளாவதில்லை. இரண்டு நாள் காய்ச்சல், சோற்றைக் கண்டால் முகம் சுளித்தல் என்ற அளவில் அது கடந்துபோகும், பலருக்கு அதுவும் இராது. ஆறு முதல் பதினான்கு வயது வரை ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காமாலை வெளிப்படும். பதினான்கு வயதைத் தாண்டியவர்களில் அது 70 முதல் 80 சதவீதம் வரை போகிறது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1000 குழந்தைகள் பிறக்கிறார்கள். குளத்து நீரும் மூடாத கிணறும் இருந்த காலத்தில், அந்த ஆயிரம் பேரையும் ஆறு வயதுக்குள் வைரஸ் தொட்டுவிடுகிறது. அவர்களில் காமாலை கண்டவர்கள் 100 பேருக்கும் குறைவாகவே இருப்பார்கள். பிறகு அதே ஊரில் கழிப்பறை வருகிறது, குழாய் வருகிறது, காய்ச்சிய நீர் குடிக்கும் பழக்கம் வருகிறது. அடுத்த தலைமுறையின் 1000 பேரில் பாதிப் பேரை வைரஸ் தொடவே இல்லை. எஞ்சிய 500 பேரைப் பதினைந்து வயதுக்குப் பிறகே தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 350 பேருக்காவது காமாலை வரும். தொற்று பாதியாகக் குறைந்திருக்கிறது, காமாலையோ மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. தாங்கள் வகுப்பறையில் காண்பது இந்த மாற்றத்தின் அடையாளமாக இருக்கலாம். சுத்தம் வீணாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. பாதி வழி வந்த சுத்தம், தொற்றை ஒழிக்காமல் அதைப் பிள்ளைப் பருவத்திலிருந்து வாலிபப் பருவத்துக்குத் தள்ளிவைக்கிறது என்பதே பொருள்.

இது ஏட்டளவில் நிற்கும் கருத்து அன்று. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தார் 1982 முதல் 1998 வரை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரத்த மாதிரிகளை ஒப்பிட்டபோது, நகரத்து வசதி படைத்த குடும்பங்களில் எதிர்ப்பொருள் உள்ளோரின் விகிதம் குறைந்துவருவதையும், கிராமத்துக் குழந்தைகளுக்கு முன்போலவே சிறுவயதிலேயே தொற்று ஏற்படுவதையும் கண்டார்கள். நம் மாவட்டத்துக்கு எல்லையை ஒட்டிய கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு மலப்புறம் மாவட்டத்திலும், எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூரிலும் காமாலை கொத்துக் கொத்தாக வெளிப்பட்டு உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கழிப்பறையும் கல்வியும் நிறைந்த மாநிலம் அது. கன்னியாகுமரி மாவட்டமும் 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவு கொண்டது. வீட்டு அமைப்பிலும் கிணற்று வழக்கத்திலும் திருவிதாங்கூர் மரபைப் பகிர்ந்துகொண்டது. ஆகவே அங்கே நிகழ்வதை இங்கே கூர்ந்து பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

தங்கள் வகுப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். காமாலை வெளிப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் மலத்தில் வைரஸ் மிகுதியாக வெளியேறுகிறது. கண் மஞ்சளாகி மாணவன் வீட்டில் இருக்கத் தொடங்கும்போது, அவன் பரப்ப வேண்டியதில் பெரும்பகுதியைப் பரப்பி முடித்திருப்பான். எனவே திரும்பி வரும் பிள்ளையைத் தனியே உட்காரவைப்பதால் பயனில்லை. கழிப்பறையருகே சோப்பும் தண்ணீரும் ஆண்டு முழுவதும் இருப்பதே பயன் தரும்.

கேள்வி: மாவட்டம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளோ தெருவுக்குத் தெரு. எல்லாப் பதிவேடுகளையும் கூட்டினால் கணக்கு வந்துவிடாதா? ஊர்மக்களின் இரத்தத்தை எடுப்பானேன்? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், குளச்சல்)

பதில்: பதிவேடு வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ்க் கிராம சுகாதார செவிலியர் அறிகுறி கண்டவர்களையும், மருத்துவர் தாம் ஐயுறும் நோயையும், ஆய்வகம் சோதனையில் உறுதியானதையும் தனித்தனியே பதிவுசெய்து அனுப்புகிறார்கள். இப்போது அது கணினிவழித் தளத்தில் நடக்கிறது. ஓர் ஊரில் காமாலை திடீரென்று ஏறுவதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் எத்தனை பேருக்குத் தொற்றியது என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது.

முதற்காரணம், மேலே சொன்னபடி, அறிகுறியே இல்லாத குழந்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இரண்டாவது, அறிகுறி கண்டவர்களிலும் பலர் நாட்டு வைத்தியரிடம் கீழாநெல்லி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகும் நோய் என்பதால், அவர்கள் பிறகும் மருத்துவமனைக்கு வர வேண்டிய தேவை எழுவதில்லை. மூன்றாவது நம் மாவட்டத்துக்கே உரியது: களியக்காவிளை, விளவங்கோடு, கிள்ளியூர்ப் பகுதி மக்களில் பலர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் செல்கிறார்கள், அவர்கள் அந்த மாநிலத்துப் பதிவேட்டில் ஏறுகிறார்கள். இவற்றோடு, மஞ்சள் காமாலை என்று எழுதப்படுவதெல்லாம் ஹெபடைடிஸ் ஏ அன்று. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். ஹெபடைடிஸ் ஈ என்ற வேறொரு வைரஸும் குடிநீர் வழியாகவே பரவி, இதே தோற்றத்தைக் காட்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ள பெண்களுக்கு அது உயிராபத்தாக முடியும். இரண்டையும் பிரித்தறிய, அண்மைத் தொற்றைக் காட்டும் ‘ஐஜிஎம்’ வகை எதிர்ப்பொருளுக்கான சோதனை செய்தாக வேண்டும்.

இதற்குப் பெரிய சான்று தில்லியில் இருக்கிறது. 1955 இறுதியில் யமுனை நீரில் சாக்கடை கலந்து, நகரக் குடிநீர் கெட்டு, 29,300 பேருக்குக் காமாலை கண்டது. நீர்வழி வந்ததால் அதை ஹெபடைடிஸ் ஏ என்றே உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. அன்று எடுத்துச் சேமித்த சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) 1980-இல் சோதித்தபோதுதான் அது ஹெபடைடிஸ் ஏ அன்று என்பது தெளிவாயிற்று. பின்னர் ஹெபடைடிஸ் ஈ எனப் பெயர் பெற்றது அதுவே.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்து சுகாதார நிலையத்தின் மூன்றாண்டுப் பதிவேடுகளைக் கூட்டி, காமாலை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது என்று அறிக்கை எழுதினேன். பிறகு அங்கே பல ஆண்டு பணிபுரிந்த செவிலியர் ஒருவர், ஆய்வக நுட்புநர் பணியிடம் காலியானதிலிருந்து மக்கள் வேறு இடங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நோய் குறையவில்லை, எங்களிடம் வருகிறவர்கள்தாம் குறைந்திருந்தார்கள். அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். எண்ணுகிறவரின் கை மாறினாலும் எண்ணிக்கை மாறும் என்பதை அன்றிலிருந்து மறந்ததில்லை.

கேள்வி: நான் புள்ளியியல் முதுகலை மாணவன். இரத்தத்தைச் சோதித்துத் தொற்றின் அளவை அறிவது என்றால், நம் மாவட்டத்தில் அதை எப்படிச் செய்வது? எத்தனை பேர் வேண்டும்? கிடைக்கும் எண்ணை எப்படிப் படிப்பது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு நீண்ட பதில் தருகிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பது. ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் நோய் வெளிப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் தோன்றி, ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். அது அண்மைத் தொற்றைக் காட்டும். ஐஜிஜி வகை வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒருவருடைய சீரத்தில் அது இருந்தால், வாழ்வில் எப்போதோ ஒருமுறை இந்த வைரஸ் அவரைத் தொட்டிருக்கிறது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் அதே எதிர்ப்பொருள் உண்டாவதால், தடுப்பூசி அட்டையைப் பார்த்து அவர்களைத் தனியே குறிக்க வேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் பல மாதங்கள் இருக்கும் என்பதால், ஒரு வயது நிறையாதவர்களைச் சேர்க்கக் கூடாது.

அடுத்து எண்ணிக்கை. தாங்கள் அறிந்த சூத்திரத்தில், விகிதம் 50 சதவீதம் என்று கொண்டு, 95 சதவீத நம்பகத்தோடு, கூடுதல் குறைவு 10 சதவீதம் வரை இருக்கலாம் என்றால் 96 பேர் போதும். ஆனால் ஒரே தெருவில் வாழ்வோர் ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள். அவர்களுடைய விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதை ஈடுகட்ட எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் 192. இது மாவட்டம் முழுவதற்குமான எண் அன்று. ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் இத்தனை பேர் வேண்டும். 1–4, 5–9, 10–14, 15–19, 20–29, 30-க்கு மேல் என்று ஆறு பிரிவு வைத்து, 30 இடங்களில் பிரிவுக்கு ஏழு பேர் எடுத்தால் மொத்தம் 1260 பேர். கூடுதல் குறைவை 5 சதவீதமாகச் சுருக்க விரும்பினால் நாலாயிரத்துக்கு மேல் போக வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும். என் கருத்தில் முதல் ஆய்வுக்கு 1260 போதுமானது. வயதுப் பிரிவைக் குறைத்து ஆள்களைக் கூட்டுவதைவிட, வயதுப் பிரிவை நுணுக்கமாக வைத்துக்கொள்வதே நல்லது.

அந்த 30 இடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள் தொகை 18,70,374. ஊர்களையும் வார்டுகளையும் வரிசைப்படுத்தி, மக்கள் தொகையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து, 62,346-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு 62,346-ஆவது ஆளும் எந்த ஊரில் விழுகிறாரோ அந்த ஊரைக் குறித்துக்கொண்டால், பெரிய ஊருக்குப் பெரிய வாய்ப்பும் சிறிய ஊருக்குச் சிறிய வாய்ப்பும் தானாக அமையும். ஆனால் இதை அப்படியே செய்தால் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் ஒன்றுகூட விழாமல் போகக்கூடும். பாலை நீங்கலாக நால்வகை நிலமும் அமைந்த மாவட்டம் என்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, அந்த வேறுபாடுகள் தண்ணீரிலும் உண்டு. கோதையாற்றுப் பக்கத்து மலைக் குடியிருப்பில் ஊற்று நீர்; தோவாளை வயற்புறத்தில் கால்வாயும் குளமும்; மேற்குத் தாலுகாக்களில் வீட்டுக்கு வீடு கிணறு; நெருங்கிக் கட்டிய கடற்கரை ஊர்களில் குழாய் நீரும் லாரித் தண்ணீரும். எனவே மலை, சமவெளி, கடற்கரை என்று மாவட்டத்தை முன்கூட்டியே பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேர்ந்தெடுப்பதே முறை.

ஊருக்குள் நுழைந்த பிறகும் கவனம் வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள வீடுகளிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது ஆய்வாளர்களுக்கு வழக்கமான தவறு. வீட்டை எண் குலுக்கி எடுக்க வேண்டும். பகலில் போனால் தோட்டத்துக்கும் கடலுக்கும் போனவர்கள் விடுபடுவார்கள் என்பதால், காலையிலும் மாலையிலும் போக வேண்டும். பெற்றோரின் ஒப்புதலின்றிக் குழந்தையின் விரலைக்கூடத் தொடக் கூடாது. ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி முன்னரே பெற்றிருக்க வேண்டும். சோதனை முடிவை அந்தந்த வீட்டாருக்கு எழுத்தில் தருவதும் அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

இனி, கிடைத்த எண்ணைப் படிப்பது. உலக சுகாதார நிறுவனம் வயதை வைத்தே நாட்டையும் பகுதியையும் தரம் பிரிக்கிறது. பத்து வயதுக்குள் 90 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது தொற்று மிகுந்த பகுதி. பத்து வயதில் 90-ஐ எட்டாமல், பதினைந்து வயதுக்குள் பாதிப் பேரையாவது எட்டினால் இடைநிலை. பதினைந்தில் பாதியை எட்டாமல் முப்பதுக்குள் எட்டினால் குறைவு. முப்பதிலும் பாதியை எட்டாவிட்டால் மிகக் குறைவு. பெரியவர்களுக்குக் காமாலை மிகுதியாக வரும் பகுதி முதல்தரமும் அன்று, நான்காம் தரமும் அன்று, நடுவிலுள்ள இடைநிலைதான்.

புள்ளியியல் மாணவர் என்பதால் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். தொற்றாதவர்களில் ஆண்டுக்கு இத்தனை பங்கினரைத் தொற்று பிடிக்கிறது என்ற ஒரு நிலையான வேகத்தைக் கருதிக்கொண்டால், வயதுவாரி விகிதத்திலிருந்து அந்த வேகத்தைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, பத்து வயதில் 40 சதவீதம் என்று வந்தால், எஞ்சிய 60 சதவீதத்தின் இயல் மடக்கையைக் கழித்தல் குறி நீக்கிப் பத்தால் வகுக்க, ஆண்டுக்கு 0.051 கிடைக்கும். அதாவது தொற்றாத நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேரை ஆண்டுதோறும் வைரஸ் தொடுகிறது. அதே வேகம் முன்பும் இருந்திருந்தால், பதினைந்து வயதினரில் 54 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருக்க வேண்டும். ஆனால் ஆய்வில் அந்த வயதினரிடம் 80 சதவீதம் கிடைத்தால், அவர்கள் குழந்தைகளாக இருந்த ஆண்டுகளில் தொற்றின் வேகம் இப்போதையதைவிட மிகுதியாக இருந்தது என்று அறிகிறோம். ஒரே நாளில் எடுத்த இரத்தத்திலிருந்து கடந்த காலமும் ஓரளவு தெரிகிறது.

கேள்வி: எங்கள் வீடு ஐந்து சென்ட் மனையில் இருக்கிறது. கிணறும் செப்டிக் டேங்கும் அதற்குள்தான். கிணற்று நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பயப்பட வேண்டுமா? (இல்லத்தரசி, மார்த்தாண்டம்)

பதில்: அம்மா, தெளிவு என்பது கண்ணுக்குத் தெரிவது, இந்த வைரஸின் விட்டம் ஏறக்குறைய 27 நானோமீட்டர். மண்ணில் பாக்டீரியாக்கள் வடிகட்டப்படும் அளவுக்கு வைரஸ்கள் வடிகட்டப்படுவதில்லை. நம் பகுதியின் துளை நிறைந்த செம்புரைக்கல்லில் நீர் எளிதாக ஊடுருவும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள உலர்ந்த மண் சுருங்கிவிடுகிறது; தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இது ஆண்டுக்கு இருமுறை நிகழ்கிறது.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் வேண்டும் என்பது பொதுவான விதி. ஐந்து சென்ட் என்பது ஏறக்குறைய 202 சதுர மீட்டர். சதுரமான மனையானால் ஒரு பக்கம் 14 மீட்டர்தான். ஆக, ஒரு சுவரோரத்தில் கிணற்றையும் எதிர்ச் சுவரோரத்தில் குழியையும் வைத்தாலும் விதி நிறைவேறாது. மூலைக்கு மூலை வைத்தால்தான் நிறைவேறும். அப்படியே வைத்தாலும், பக்கத்து வீட்டார் தங்கள் குழியை உங்கள் கிணற்றையொட்டிய மூலையில் வைத்திருக்கலாம். இது யாருடைய குற்றமும் அன்று. சதுர கிலோமீட்டருக்கு 1100-க்கு மேற்பட்டோர் வாழும் மாவட்டத்தில், மனை சுருங்கச் சுருங்க ஏற்பட்ட நிலை. இதனால்தான், மாவட்டத்தில் இரத்த ஆய்வு செய்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றிலிருந்து சொந்தக் குழிக்கும், அண்டை வீட்டுக் குழிகளுக்கும் உள்ள தொலைவை நாடாவால் அளந்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். அந்த அளவும் குழந்தையின் எதிர்ப்பொருளும் ஒரே தாளில் இருந்தால்தான் காரணம் புலப்படும்.

தாங்கள் செய்யக்கூடியது: குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கொதிநிலையில் இந்த வைரஸ் செயலிழந்துவிடும். கிணற்றுக்குக் குளோரின் இடுவதானால், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம். ஊரில் காமாலை கண்டிருக்கும் காலத்தில் சுகாதார ஆய்வாளர் இதை இரட்டிப்பாக்கச் சொல்வார். தூளை நேரே கொட்டாதீர்கள். வாளியில் குழைத்து நீர் சேர்த்துச் சுண்ணாம்பு அடியில் படிந்தபின், தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். இரவில் இட்டுக் காலையில் இறைப்பது வசதி. பொட்டலம் பிரித்து நாளான பிளீச்சிங் பவுடரில் வீரியம் இராது.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. ஆழ்கடல் விசைப்படகில் வாரக்கணக்கில் தங்குபவர். படகில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. அவருக்குத் தடுப்பூசி போடலாமா? எங்கள் மூன்று வயது மகளுக்கு? (வாசகி, தூத்தூர்)

பதில்: தங்கள் கணவர் கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவரானால், சிறுவயதிலேயே தொற்று ஏற்பட்டு, வாழ்நாள் பாதுகாப்பு பெற்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதலில் ஐஜிஜி சோதனை செய்து, எதிர்ப்பொருள் இல்லையென்றால் மட்டும் தடுப்பூசி போடுவது அறிவுடைமை. நாற்பதை நெருங்குபவருக்கு இந்நோய் கடுமையாக வரக்கூடும் என்பதால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மகளுக்கு முன்சோதனை தேவையில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது. உயிரிழந்த வைரஸால் செய்த ஊசியானால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. வீரியம் குறைத்த உயிர் வைரஸால் செய்ததானால் ஒரு தவணை. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இடம்பெறவில்லை. தனியார் மருத்துவரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போது எனக்கு வருத்தம் உண்டு. அட்டவணையில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யத் தேவையான முதல் சான்று, எந்த வயதில் எத்தனை பேருக்குத் தொற்று ஏற்படுகிறது என்ற கணக்குத்தான். தொற்று மிகுந்த பகுதியில் எல்லோருக்கும் ஊசி போடுவதால் பெரிய பயன் இராது. இடைநிலைக்கு நகர்ந்துவிட்ட பகுதியில் பயன் மிகுதி. அர்ஜென்டினா நாடு அந்த நிலையில் இருந்தபோது 2005-இல் ஒரு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே தவணையாக ஊசி போடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நோய் வெகுவாகக் குறைந்ததோடு, இந்த வைரஸால் கல்லீரல் செயலிழந்து மாற்று அறுவைக்கு வரும் குழந்தைகளே அங்கு இல்லாமல் போனார்கள்.

கேள்வி: இரத்த வங்கியில் கொடையாளர்களின் இரத்தம் ஏற்கெனவே இருக்கிறதே. அதையே சோதித்தால் செலவு மிச்சமாகாதா? ஒருமுறை செய்துவிட்டால் போதுமா, திரும்பவும் செய்ய வேண்டுமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: கொடையாளர் எல்லோரும் 18 வயது கடந்தவர்கள், பெரும்பாலும் ஆண்கள், உடல்நலம் உள்ளவர்கள். நமக்கு மிகவும் வேண்டியவர்களோ ஒன்று முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகள். எனவே அது துணைச் சான்றாகலாம், மாற்றாகாது. சாக்கடை நீரில் வைரஸைத் தேடும் முறையும் உண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் உள்ள நம் மாவட்டத்தில் எல்லோருடைய கழிவும் ஓரிடத்தில் சேர்வதில்லை என்பதால், அது இங்கே அவ்வளவாக உதவாது.

இரண்டாம் கேள்வி மிக முக்கியமானது. ஒருமுறை போதாது. எதிர்ப்பொருள் வாழ்நாள் முழுவதும் நிலைப்பதால், ஐம்பது வயதுக்காரரின் இரத்தம் அவர் சிறுவனாகக் குளித்த குளத்தைப் பற்றிச் சொல்கிறதேயன்றி, இன்று அவர் குடிக்கும் நீரைப் பற்றிச் சொல்வதில்லை. இன்றைய நீரைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் குழந்தைகள் மட்டுமே. 2026-இல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் கிடைக்கும் விகிதத்தை, 2036-இல் ஐந்து வயதாக இருக்கும் வேறு குழந்தைகளின் விகிதத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தொற்று உண்மையில் குறைகிறதா என்பது தெரியும். இடையில் புதிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்திருந்தால், அதன் பயனையும் அதே ஒப்பீடு காட்டும்.

பத்தாண்டு இடைவெளியில் சோதனை முறை மாறிவிடும், கருவி மாறிவிடும் என்று தாங்கள் கேட்கலாம். அதற்கு வழி உண்டு. ஒவ்வொருவரிடமும் எடுக்கும் சீரத்தில் பாதியை இப்போது சோதித்துவிட்டு, மறுபாதியை, அவர்களின் ஒப்புதலோடு, பெயரை நீக்கி, வயது, ஊர், நீரின் வகை ஆகியவற்றை மட்டும் குறித்து, சுழியத்துக்குக் கீழே 70 டிகிரி செல்சியஸில் உறையவைத்துச் சேமிக்க வேண்டும். அடுத்த ஆய்வில் பழைய சீரத்தையும் புதிய சீரத்தையும் ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே கையால் சோதிக்கலாம். தில்லியில் 1955–56-இல் யாரோ ஒருவர் அந்தக் குப்பிகளை எறிந்துவிடாமல் வைத்திருந்ததால்தான், கால் நூற்றாண்டு கழித்து அந்த நோயின் பெயரைத் திருத்த முடிந்தது.